கியர்பாக்ஸைக் கழற்றும் முன்

பழைய பிக்கப் டிரக்கில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு முறை போனால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். புதிதாகக் கட்டிப் போட்ட கியர்பாக்ஸும் அதே மாதிரி போனால் வயசைக் காரணம் சொல்ல முடியாது. அதற்கு அப்புறமும் போனால், கோளாறு பெரும்பாலும் கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கியர்பாக்ஸை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் போகும். எங்கள் டிரக்கில் இதுதான் நடந்தது. நம்மவர்கள் பலர் இப்போது கலிபோர்னியாவிலும் டெக்ஸாஸிலும் தோட்டம், டிரெய்லர் என்று இறங்கி, கைமாறின பழைய டிரக்குகளை வாங்குகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நான் இருப்பது கலிபோர்னியாவின் கெர்ன் கவுண்டியில், பேக்கர்ஸ்ஃபீல்டுக்குப் பக்கம். ஒரு பக்கம் எண்ணெய்க் கிணறுகள், இன்னொரு பக்கம் திராட்சையும் பாதாமும். நானும் நம்ம ஊர்த் தம்பி ஒருவரும் சேர்ந்து கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து வெண்டை, பாகல், சுரை, கத்தரி, முருங்கை போடுகிறோம். (கறிவேப்பிலை மட்டும் கிடையாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களுக்கு நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் பூச்சி அதில் குடியிருக்கும் என்பதால், செடியை இடம் மாற்றிக் கொண்டுபோக இங்கே கெடுபிடி அதிகம்.) விளைந்ததை டிரெய்லரில் ஏற்றி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்காக வாங்கியதுதான் இந்த டிரக். 1990களில் வந்த ‘அரை டன்’ வகை (லேசான ரகப் பிக்கப்புக்கு இங்கே வழங்கும் பெயர்), வி-8 எஞ்சின், பின்னால் எட்டடி நீளத்துக்கு லோடு பாடி, நான்கு கியர் ஆட்டோமேட்டிக். இதற்கு முன் ஒரு விவசாயி வைத்திருந்தார். எஞ்சின் இன்றைக்கும் ஆயில் குடிப்பதில்லை. பாடியில் துரு இல்லை. இந்த வறண்ட பூமியில் வண்டிகள் துருப்பிடிக்காமல் பல காலம் நிற்கும். அதனாலேயே இவற்றைக் கைவிட மனசு வராது.

லாஸ் ஏஞ்சலஸ் போக ஐ-5 நெடுஞ்சாலையில் கிரேப்வைன் ஏற்றத்தைத் தாண்ட வேண்டும். பள்ளத்தாக்கின் தட்டைத் தரையில் நேராக வந்த சாலை சட்டென்று மலைக்குள் நுழைந்து, டெஹோன் கணவாயில் 4,144 அடி உயரத்தைத் தொடும். நூறடிக்கு ஆறடி என்ற கணக்கில் மைல் கணக்காக ஏற்றம். கோடையில் அடிவாரத்தில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். எஞ்சின் கொதிக்காமல் இருக்க ஏசியை அணைத்துக்கொள்ளுங்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். காய்கறி ஏற்றிய டிரெய்லரோடு நாங்கள் போவது ஏற்றத்தின் அந்தக் கடுமையான பக்கத்தில்தான்.

எங்கள் கியர்பாக்ஸ் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் போனது. ஏற்றத்தில், எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் திடீரென்று ஆயிரம் சுற்று மேலே போகும். எஞ்சின் அலறும், வண்டியோ வேகம் இழக்கும். மூன்றாவது கியரைப் பிடிக்க வேண்டிய கிளட்ச் பிளேட்டுகள் பிடிக்காமல் வழுக்குகின்றன என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் கருகின வாடை வரும். எஞ்சின் ஆயில் கருகும் வாடை வேறு, இது வேறு. இதில் ஒரு காரமான புளிப்பு இருக்கும், மூக்கு மறக்காது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால், சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும்.

கிளட்ச் மிதித்து ஓட்டிப் பழகினவர்களுக்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைக்கியர் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உலர்ந்த கிளட்ச் பிளேட் ஒன்று நேராகச் சேர்க்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர். ஆயில் நிறைந்த ஒரு மூடிய உருண்டை, அதற்குள் இறகு வைத்த சக்கரங்கள். எஞ்சின் பக்கச் சக்கரம் ஆயிலை வீசி அடிக்க, அந்த வேகத்தில் எதிர்ச் சக்கரம் சுற்றும். நடுவில் இருக்கும் மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் ஆயிலைத் திசைமாற்றி இழுவையைக் கூட்டிக் கொடுக்கும். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் கப்பல்களுக்காக 1905இல் காப்புரிமை வாங்கிய யோசனையின் வழி வந்தது இது. இரண்டு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுற்றாதவரை அந்த வேக வித்தியாசத்தில் ஒரு பகுதி சூடாக மாறி ஆயிலில் இறங்கும். லோடோடு மலை ஏறும்போது இந்த வித்தியாசம் அதிகம்.

கன்வெர்ட்டருக்குப் பின்னால் கியர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கியரையும் பிடித்து வைப்பது அடுக்கடுக்கான சின்னக் கிளட்ச் பிளேட்டுகள்: ஒரு இரும்புத் தகடு, ஒரு லைனிங் ஒட்டிய தகடு, மறுபடி இரும்பு, மறுபடி லைனிங். லைனிங் கிட்டத்தட்ட கெட்டிக் காகிதம் மாதிரியான பொருள்தான். ஆயில் அழுத்தம் அந்த அடுக்கை நெருக்கும்போது கியர் விழுகிறது. அதாவது இழுவையைக் கடத்துவதும் ஆயில், கியரைப் பிடிப்பதும் ஆயில், உராய்வைத் தணிப்பதும் ஆயில், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே ஆயில். அது கெட்டால் எல்லாம் சேர்ந்து கெடும்.

ஆயில் சுமார் 175 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 80 செல்சியஸில் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது ஒர்க்‌ஷாப்களில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. 240 வாக்கில் ஆயில் பிசினாக மாறி வால்வுகளில் படிய ஆரம்பிக்கும். 260ஐ நெருங்கினால் ரப்பர் சீல்கள் இறுகும். இறுகின சீல் அழுத்தத்தைக் கசியவிடும், அழுத்தம் குறைந்தால் பிளேட்டுகள் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. 300ஐத் தாண்டினால் லைனிங்கே கருகும். இந்தச் சுழலுக்குள் ஒரு தடவை போய்விட்டால் சில மைல்களில் கதை முடிந்துவிடும். அதனால்தான் நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்றைக்கு மலையில் நிற்கிறது.

எங்கள் டிரக் வந்த காலத்து வண்டிகளில் இன்னொரு விஷயமும் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பெரிய அளவில் விற்பனைக்கு வந்தது 1939இல், ஓல்ட்ஸ்மொபீலின் 1940ஆம் ஆண்டு மாடலில், ஹைட்ராமேட்டிக் என்ற பெயரில். இரண்டாம் உலகப் போரில் அதையே அமெரிக்க இலகுரக டாங்கிகளிலும் போட்டார்கள். அந்த அளவுக்கு முரட்டு உழைப்பு உழைத்தது. பிறகு 1973இல் எண்ணெய் நெருக்கடி, 1975இல் மைலேஜுக்கான சட்டம். கம்பெனிகள் ஒவ்வொரு துளி பெட்ரோலையும் எண்ண ஆரம்பித்தன. 1978இல் கிரைஸ்லர் கன்வெர்ட்டருக்குள் லாக்கப் கிளட்ச் வைத்தது. நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு ஒன்றாகச் சுற்றும், சூடும் குறையும். 1980களின் தொடக்கத்தில், எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் ஓவர்டிரைவ் என்ற நாலாவது கியர் வந்தது. காலி வண்டியோடு தட்டைச் சாலையில் போக இவை அருமையான ஏற்பாடு. லோடோடு ஏற்றத்தில் போனால், கியர்பாக்ஸ் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் அல்லாடும். லாக்கப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு சூட்டுக் குட்டு. இந்தத் தலைமுறை கியர்பாக்ஸ்களில் முதலில் கருகுவது பெரும்பாலும் அந்த மேல் கியர்களின் பிளேட்டுகள்தான்.

சரி, எங்கள் வண்டிக்கு வருகிறேன். முதலில் போனபோது ஊருக்குள் இருந்த ஒரு கடையில் கொடுத்தோம். மூவாயிரம் டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுத்தார்கள், ஒரு வருட வாரண்டியோடு. “வயசான வண்டி, இதெல்லாம் நடக்கும்” என்றார் கடைக்காரர். குளிர்காலம் முழுக்க நன்றாக ஓடியது. வெயில் ஏறியதும் அதே கிரேப்வைனில் அதே வாடை. வாரண்டியில் மறுபடி கழற்றினார்கள். இந்த முறை “டிரெய்லர் இழுத்தால் போகத்தான் செய்யும்” என்று பதில். அரை டன் டிரக்கை டிரெய்லர் இழுக்கவும் சேர்த்தேதான், இவ்வளவு எடை வரை என்று அளவு வைத்துத் தயாரிக்கிறார்கள். எங்கள் டிரெய்லர் அந்த அளவுக்குள்தான் இருந்தது. ஏன் பிளேட் கருகியது என்று கேட்டேன். சூடு என்றார். ஏன் சூடு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போதாக்குறைக்கு, கியர்பாக்ஸின் முன்பக்க சீலிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது. சீலை மாற்றுவார்கள், சில வாரத்தில் தரையில் மறுபடி சிவப்புப் பொட்டு.

வாரண்டியில் கட்டினதும் அதே மாதிரி போனது. அந்தக் கட்டத்தில்தான் தம்பி, “அண்ணே, வித்துட்டு வேற பாத்துக்கலாமே” என்றார். எனக்கு ஒப்பவில்லை. கோளாறு என்னவென்று தெரியாத வண்டியை இன்னொரு விவசாயி தலையில் கட்டுவது ஒன்று. அதைவிட, காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த டிரக்கிலும் இதே கதை வரலாம் என்ற கவலை.

பக்கத்துத் தோட்டத்து மெக்சிகன் குடும்பம் சொல்லி ஒரு பெரியவரிடம் போனோம். வீட்டை ஒட்டிய ஷெட், இரண்டு வண்டி நிற்க இடம், ஒரு லிஃப்ட். என் கதையை முழுசாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “கூலரை யாராவது மாற்றினார்களா, மிஹோ?” (ஸ்பானிஷில் ‘மகனே’.) பில்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். கிளட்ச் செட், சீல் செட், ஃபில்டர், ஆயில், கூலி. கூலர் என்ற சொல்லே ஒரு பில்லிலும் இல்லை.

அவர் வண்டியை லிஃப்டில் ஏற்றவே இல்லை. பானெட்டைத் திறந்தார். கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்கு இரண்டு மெல்லிய இரும்புக் குழாய்கள் வரும். ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள் ஒரு சின்ன கூலர் பதித்திருப்பார்கள். சூடான ஆயில் ஒரு குழாயில் வந்து, அதற்குள் ஓடி, ஆறி, மற்றதில் திரும்பிப் போகும். திரும்பும் குழாயைக் கழற்றினார். அந்த வாயில் ஒரு ரப்பர் ஹோஸை மாட்டி, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடிக்குள் விட்டார். என்னை உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எஞ்சின் ஐடிலில் ஓடியது, அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நொடியில் ஒரு குவார்ட், கிட்டத்தட்ட ஒரு லிட்டர், வர வேண்டும். கையைக் காட்டி அணைக்கச் சொன்னபோது ஜாடியின் அடியில் ஒரு டம்ளர் அளவுகூட இல்லை.

கியர்பாக்ஸுக்குள் ஆயிலைத் தள்ளும் பம்ப் சோர்ந்துபோனாலும் இப்படி வரலாமே என்று நினைத்தேன். நான் கேட்பதற்குள் அவர் அடுத்த வேலையில் இறங்கிவிட்டார். கூலருக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, கூலரே இல்லாமல் நேராக ஜாடிக்குள் விட்டார். மறுபடி ஸ்டார்ட். இந்தத் தடவை ஆயில் பொங்கிக்கொண்டு வந்தது, ஜாடி நிரம்பும் முன் அவசரமாக அணைக்க வேண்டியதாயிற்று. பம்ப் நன்றாக இருக்கிறது, அடைப்பு கூலரில் என்று அந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் ஆயில் வெளியேறும் பக்கத்திலிருந்து காற்றழுத்தம் கொடுத்து, உள்ளே நுழையும் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தார். கறுப்பான சேறு வந்தது. விரலால் தேய்த்துக் காட்டினார். லைனிங்கின் நார்நாரான தூள், நடுநடுவே பித்தளை நிறத்தில் மினுமினுப்பு. “முதலில் போன கியர்பாக்ஸ் இதுதான்” என்றார். “அது இன்னும் உங்கள் வண்டியை விட்டுப் போகவில்லை.”

எனக்கு அப்போதுதான் மொத்தமும் விளங்கியது. முதல் கியர்பாக்ஸ் கருகியபோது உதிர்ந்த லைனிங் முழுக்க ஆயிலோடு ஓடி, கூலரின் நுண்ணிய வழிகளில் போய் அடைந்திருக்கிறது. புதிதாகக் கட்டிப் போட்ட கியர்பாக்ஸ் அந்த அடைப்போடே வேலை ஆரம்பித்தது. குளிர்காலத்தில் ஆயில் ஆறாவிட்டாலும் எப்படியோ சமாளித்தது. வெயிலும் ஏற்றமும் லோடும் ஒன்றாகச் சேர்ந்ததும் வெந்துபோனது. ரேடியேட்டருக்குள் இருக்கும் அந்தக் கூலரை முழுசாகக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. கருகின கியர்பாக்ஸுக்குப் பிறகு அதை மாற்றுவதுதான் பத்திரம். இது ஒன்றும் அபூர்வ ரகசியம் இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிய வேண்டிய அடிப்படை. இரண்டு தடவை கழற்றி மாட்டியும் இருபது நொடிச் சோதனை ஒன்றைச் செய்யாமல் விட்டதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

கியர்பாக்ஸைக் கழற்றியபோது இரண்டாவது காரணமும் கிடைத்தது. எஞ்சினின் பின்முகத்தில் கட்டைவிரல் நுனி அளவில் இரண்டு டவல் பின்கள் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கியர்பாக்ஸின் வாய் அவற்றில் உட்கார்ந்தால்தான் இரண்டின் மையமும் ஒன்றாகும். போல்ட் ஓட்டைகள் கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்பதால் போல்ட் மட்டும் அந்த வேலையைச் செய்யாது. எங்கள் வண்டியில் ஒரு பின்தான் இருந்தது. எப்போதோ யாரோ கழற்றியபோது விழுந்திருக்கிறது. அப்புறம் மாட்டினவர்கள் யாரும் கவனிக்கவில்லை. மையம் மயிரிழை விலகினாலும் கன்வெர்ட்டரின் கழுத்து, அதைத் தாங்கும் பம்ப் புஷ் என்ற வளையத்தை ஒரு பக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். புஷ் தேய்ந்தால் சீல் நிற்காது. தரையில் வந்த சிவப்புப் பொட்டுக்கு அதுதான் காரணம். சில டாலர் விலையுள்ள அந்தப் பின் இல்லாததால் எத்தனை சீல் மாற்றினாலும் பயனில்லாமல் போயிருக்கிறது.

இந்த முறை பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கலிபோர்னியாவில் வேலை கொடுக்கும்போதே கேட்டால், மாற்றின பாகங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1971இல் வந்த வாகனப் பழுதுபார்ப்புச் சட்டம், எழுத்தில் மதிப்பீடு கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்று மாநிலம் தனியாகவே விதி வைத்திருக்கிறது. கழற்றும் முன் வெளியில் பார்த்துச் சோதிக்க வேண்டும். வெளியே இருக்கும் ஒரு பாகத்தைச் சரிசெய்தாலே கோளாறு தீரும் என்று தெரிந்தால், கழற்றும் முன்பே வாடிக்கையாளரிடம் சொல்லியாக வேண்டும். ‘ரீபில்ட்’ என்று பில்லில் எழுத வேண்டுமானால் லைனிங் உள்ள பிளேட்டுகளும் சீல்களும் புதிதாக இருக்க வேண்டும், டார்க் கன்வெர்ட்டரையும் பார்த்துச் சரிசெய்திருக்க வேண்டும். அந்தப் பெரியவர் கன்வெர்ட்டரை மாற்றியே விட்டார். மூடிய உருண்டை, உள்ளே தேங்கின தூள் கழுவினால் முழுக்கப் போகாது, அதைத் திரும்ப மாட்டினால் முதல் நாளே புது கியர்பாக்ஸுக்கு விஷம் வைத்த மாதிரி என்றார்.

அவர் மேசையில் பரப்பி வைத்த இரும்புத் தகடுகளில் அங்கங்கே நீலப் புள்ளிகள், சூட்டின் தடம். லைனிங் தகட்டை நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்தது. கியர்பாக்ஸுக்குக் கீழே ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனின் அடியில் இருக்கும் காந்தத்தையும் எடுத்துக் காட்டி, எது சாதாரணம், எது ஆபத்து என்று பொறுமையாகச் சொன்னார். அதை இங்கே எழுதுவது நல்லது. காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயமில்லை, அது இயல்பான தேய்மானம். கறுப்புத் துணுக்குகள் லைனிங் உதிர்வது. பித்தளை நிற மினுமினுப்பு புஷ் தேய்வது. கையில் குத்தும் இரும்புச் சில்லு என்றால் பேரிங் அல்லது கியர் உடைகிறது, வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. ஆயில் ரோஸ்மில்க் மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகித் தண்ணீரும் கூலன்ட்டும் கலந்திருக்கிறது. அது லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். அப்படியானால் வெறும் ஆயில் மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

ஆயில் மாற்றுவதிலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பேனைக் கழற்றி வடித்தால் மொத்த ஆயிலில் பாதிகூட வராது. மீதி கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். புது ஆயில் பழைய ஆயிலோடுதான் கலக்கிறது. எந்த ஆயில் என்பதும் முக்கியம். டெக்ஸ்ரான், மெர்கான், ஏடிஎஃப்+4 என்று கம்பெனிக்குக் கம்பெனி உராய்வுக் குணம் வேறு. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று எழுதின பாட்டிலை நான் வாங்குவதில்லை. மேனுவலில் என்ன இருக்கிறதோ அதுதான். ஒரு காலத்தில் இந்த ஆயிலில் உராய்வைப் பதப்படுத்தத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருட்களுக்குத் தடை போட்டதும், வேதியியலாளர்கள் அதற்கு மாற்று தேடி அலைய வேண்டியதாயிற்று. கிளட்ச் பிடிப்பதும் வழுக்குவதும் ஆயிலின் அந்தச் சின்னக் குணத்தில் எவ்வளவு தொங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கம்ப்யூட்டர் வைத்த கியர்பாக்ஸ் என்றால் வயரிங்கையும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயர் துருப்பிடித்திருந்தாலோ, ஆக்ஸிலேட்டரின் நிலையைச் சொல்லும் சென்சார் தப்பாகச் சொன்னாலோ, கியர் தப்பான நேரத்தில் தப்பான அழுத்தத்தில் விழும். எங்களுக்கு அந்தப் பிரச்சினை இருக்கவில்லை.

புது ரேடியேட்டர், புது பின், புது கன்வெர்ட்டர், அதோடு முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் தனியாக ஒரு தகட்டுக் கூலர். ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் போய், பிறகு வெளிக் கூலர் வழியாகக் கியர்பாக்ஸுக்குத் திரும்புகிறது. டேஷ்போர்டில் ஒரு டெம்பரேச்சர் மீட்டர். இதில் எனக்கு அதிகம் பிடித்தது அந்த மீட்டர்தான். எஞ்சினுக்குச் சூடு காட்டும் முள்ளை எல்லா வண்டியிலும் வைக்கிறார்கள். எளிதில் சாகும் கியர்பாக்ஸுக்கு அந்தக் காலத்து டிரக்குகள் பலவற்றில் ஒன்றும் இல்லை. பழைய டிரக்கில் டிரெய்லர் இழுப்பவர்கள் வேறு எதை வாங்குவதற்கும் முன் இதை வாங்க வேண்டும் என்பேன்.

ஓட்டும் விதத்தையும் மாற்றிக்கொண்டோம். டிரெய்லர் மாட்டினால் ஓவர்டிரைவ் பட்டன் அணைந்தே இருக்கும். மூன்றாவது கியரில் லாக்கப் பிடித்த வேகத்தில், வலது ஓரத்து லேனில், லாரிகளோடு லாரியாகப் போகிறோம். டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கலிபோர்னியாவில் மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம் என்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை. போன கோடையில் முழு லோடோடு கிரேப்வைன் ஏறும்போது முள் 205 வரை போனது. உச்சியைத் தாண்டியதும் இறங்கிவிட்டது. 220ஐத் தொட்டால் ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு ஆற வைப்பது என்று நானும் தம்பியும் பேசி வைத்திருக்கிறோம்.

இத்தனை செலவு இந்த வண்டிக்குத் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. புதுசாக இதே அளவு டிரக் வாங்கினால் ஐம்பதாயிரம் டாலரை எளிதாகத் தாண்டும், மாதத் தவணையை எங்கள் வெண்டைக்காய் தாங்காது. எஞ்சினும் சேஸியும் நன்றாக இருக்கும்வரை கியர்பாக்ஸுக்குச் செலவழிப்பது சரிதான் என்பது என் முடிவு. எஞ்சின் புகை கக்கினாலோ சேஸி அரித்திருந்தாலோ நான் இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் பணத்தைக் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: கூலரில் ஆயில் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தீர்களா, பழைய கூலரை மாற்றுவீர்களா, கன்வெர்ட்டர் புதுசா, டவல் பின் இரண்டும் இருக்கிறதா, முன்னது ஏன் போனது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது. சில நாள் ஓட்டாமல் நிறுத்திவிட்டு எடுத்தால், முதல் தடவை ரிவர்ஸில் போட்டதும் பிடிக்க இரண்டு நொடி தாமதமாகிறது. கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் மெல்ல வடிந்து பேனுக்கு இறங்கிவிடுவதால் அப்படி ஆகலாம் என்றார் பெரியவர். இப்போதைக்கு ஸ்டார்ட் செய்து நியூட்ரலில் கொஞ்சம் விட்டுத்தான் ரிவர்ஸ் போடுகிறோம். வெண்டை சீசன் முடிந்ததும் அவர் ஷெட்டில் கொண்டுபோய் விட்டு, முதலில் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.